ஹாஜியார் கடையில் ஒன்றும் செய்யாமல் இருந்தது

அன்றைய வேலை ஒன்றே ஒன்றுதான். ஏறாவூரில் ஹனீபா ஹாஜியாரின் தேத்தண்ணிக் கடைக்குப் போக வேண்டும். காலை ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை ஒரு மூலையில் உட்கார்ந்து, ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும்.

இதைவிடச் சுலபமான வேலையை எனக்கு யாரும் தந்ததில்லை. இதைவிட மோசமாக நான் எந்த வேலையையும் செய்ததுமில்லை.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன்.

முப்பத்தைந்து வருடம் தினசரிப் பத்திரிகையில் இருந்துவிட்டு ஓய்வுபெற்றேன். முதல் மாதம் வீட்டில் இருந்தேன். இரண்டாம் மாதம் மனைவி, "எங்கயாவது வேலைக்குப் போங்க, சம்பளம் தராட்டியும் பரவாயில்ல" என்றார். சமையலறைப் போத்தல்களை உயர வரிசைப்படி அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் நான் தலைப்பு எழுதி ஒட்டியது அவருக்குப் பிடிக்கவில்லை. மல்லித்தூளைத் தேட அவருக்கு அரை மணித்தியாலம் எடுத்ததாம்.

அப்படித்தான் மட்டக்களப்பு நகரில் ஒரு சின்ன அலுவலகத்தில் சேர்ந்தேன். மாற்றுத்திறனாளிகளுக்கும், நாள்பட்ட நோய், வருத்தம் உள்ளவர்களுக்கும் வேலை தேடிக் கொடுப்பது அந்த அலுவலகத்தின் காரியம். தேடிக் கொடுத்ததோடு விட்டுவிடுவதில்லை. வேலையும் ஆளும் ஒன்றுக்கொன்று பழகும் வரை கூடவே ஒருவர் நிற்பார். அவருக்கு வேலைத் துணையாள் என்று பெயர். நான் ஒரு வேலைத் துணையாள்.

முறை இப்படி. முதல் வாரம் பக்கத்தில் நிற்க வேண்டும். இரண்டாம் வாரம் நாலடி தள்ளி. பிறகு மூலையில். பிறகு வாசலில். கடைசியில் ஒருநாள் துணையாள் காணாமல் போய்விட வேண்டும். அவர் போனதை யாருமே கவனிக்கவில்லை என்றால் வேலை வெற்றி.

நாற்பது பேர் படித்துவிட்டு மறந்துபோகிற செய்திகளை எழுதிப் பழகிய எனக்கு இது பொருத்தமான வேலை என்றுதான் நினைத்தேன்.

எனக்குத் தரப்பட்ட ஆள் நிஸ்தார். முப்பத்தாறு வயது. பிறந்ததிலிருந்தே காது கேளாது. மணல் லொறியில் மணல் ஏற்றி இறக்கி முதுகைப் பழுதாக்கிக்கொண்டவர். ஆனால் சொந்தக்காரர்களின் கலியாண வீடுகளில் முந்நூறு பேருக்குத் தனி ஆளாகத் தேத்தண்ணி ஊற்றியிருக்கிறார். அந்தத் தேத்தண்ணியைக் குடித்தவர்கள் மாப்பிள்ளையை மறந்தார்கள், தேத்தண்ணியை மறக்கவில்லை.

ஹனீபா ஹாஜியாரின் பழைய தேத்தண்ணிக்காரர் கட்டாருக்குப் போய்விட்டார். நான் போய்க் கேட்டேன்.

"காது கேக்காத ஆள வெச்சி தேத்தண்ணிக் கடை எப்பிடித் தம்பி நடத்துற?" என்றார் ஹாஜியார். எழுபது வயது, வெள்ளைத் தொப்பி, நிதானமான ஆள். "இஞ்ச எல்லாம் கத்திச் சொல்றதுதானே. ரெண்டு பால், மூண்டு பிளேன்டி எண்டு றமீஸ் முன்னால நிண்டு கத்துவான். உள்ளுக்கு ஊத்துவாங்க."

"தேத்தண்ணி ஊத்தக் காது வேணாம் ஹாஜியார். கை வேணும்" என்றேன்.

சொல்லும்போது என்னுடைய வலக் கையைக் காற்சட்டைப் பைக்குள் இன்னும் கொஞ்சம் ஆழமாகத் தள்ளிக்கொண்டேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

"மூண்டு மாசம் பாப்பம்" என்றார் ஹாஜியார். "மறுகா யோசிப்பம்."

கத்துவதற்குப் பதிலாக என்ன செய்வது? துணையாள் நான் யோசித்தேன். ஒரு வாரம் உழைத்து, இருபத்துநாலு வண்ண அட்டைகள் செய்தேன். சிவப்பு என்றால் பால், மஞ்சள் என்றால் பாலில்லாத பிளேன்டி, மூலையில் வெட்டு இருந்தால் சீனி இல்லை. எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் உறை போட்டேன். எண்ணிக்கையை நல்ல தடித்த எழுத்தில் எழுதினேன். பத்திரிகையின் முதல் பக்கத்துக்குக்கூட நான் அப்படி உழைத்ததில்லை.

அடுத்த மாதம், வாசலோடு எட்டிப் பார்க்கப் போனபோது அட்டைகளைக் காணவில்லை. கடையின் பரிமாறும் ஆள் றமீஸிடம் கேட்டேன். முப்பது வயது, வாய் ஓயாத மனிதர்.

"அட்ட நல்ல உதவி சேர்" என்றார். "நாலாம் நம்பர் மேச ஆடிக்கிட்டு இருந்திச்சி. இப்ப ஆடுறல்ல."

குனிந்து பார்த்தேன். மேசைக் காலுக்குக் கீழே சிவப்பு நாலும் மஞ்சள் இரண்டும் இருந்தன.

"அப்ப ஓடர் எப்பிடிச் சொல்லுறீங்க?"

"அதெல்லாம் இப்ப சரி சேர். நானும் அவரும் ஒரு வழி பண்ணிக்கிட்டம்."

என்ன வழி என்று நான் கேட்டிருக்க வேண்டும். முப்பத்தைந்து வருடம் ஊராரிடமெல்லாம் யார், என்ன, எங்கே, எப்படி என்று கேட்டுத்தான் சோறு தின்றவன். அன்றைக்குக் கேட்கவில்லை. என்னுடைய அட்டை மேசைக்குக் கீழே கிடந்ததில் எனக்குக் கொஞ்சம் மனவருத்தம். கைச்சாடைதான் காட்டுகிறார்கள் போலும் என்று நானே முடிவு செய்து, அறிக்கையிலும் அப்படியே எழுதினேன்.

உறுதிப்படுத்தாத செய்தி. அதன் பலன் பிறகு வந்தது.

இனி என் கை.

இரண்டு வருடமாக வலக் கை நடுங்குகிறது. பார்க்கின்சன் என்று வைத்தியர் சொன்னார். மாத்திரை தந்தார். இந்த நடுக்கத்தில் ஒரு விசேஷம் இருக்கிறது. கைக்கு வேலை கொடுத்தால் நின்றுவிடும். பேனை பிடித்தால், கதவு திறந்தால், கத்தரிக்காய் வெட்டினால் நடுக்கமில்லை. சும்மா மடியில் வைத்தால் மட்டும் ஆடத் தொடங்கும். சோம்பேறியைக் கண்டால் ஏசும் மேலாளர் மாதிரி ஒரு வருத்தம்.

இது மனைவிக்கும் வைத்தியருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். அப்படித்தான் நான் நினைத்திருந்தேன்.

அலுவலகத்தில் சொல்லவில்லை. தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயம். எந்த அலுவலகம்? 'வருத்தம் வந்தவரை வேலையை விட்டு அனுப்பாதீர்கள்' என்று கடை கடையாகப் போய்ச் சொல்கிற அதே அலுவலகம். வாசல் சுவரில் பெரிய பதாகையும் கட்டியிருக்கிறோம். 'மறைக்க வேண்டாம், சொல்லுங்கள். வழி இருக்கிறது.'

அந்த வாசகத்தை எழுதிக் கொடுத்தவன் நான்.

மூன்று மாதத் தவணையின் கடைசி நாள் வந்தது. அன்றைக்குப் பத்து மணிக்கு ஹாஜியார் தன் முடிவைச் சொல்வார். நிரந்தரம் என்றால் நிஸ்தாருக்கு இந்தக் கடை வேலை. இல்லையென்றால் மறுபடியும் மணல் லொறி. அந்த முதுகோடு எத்தனை மாதம் என்பது அவருக்கே தெரியாது. வீட்டில் மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும்.

முதல்நாள் பின்னேரம் எங்கள் பொறுப்பாளர் தர்ஷினி கூப்பிட்டார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே எங்கள் எல்லோரையும் ஓடவிடுகிறவர் அவர்.

"சேர், நாளைக்கு நீங்க ஒண்டும் செய்யக் கூடாது."

"தெரியும் பிள்ள."

"உங்களுக்குத் தெரியாது சேர். போன முறை பேக்கரியில மீனாவுக்கு உதவப் போய், பணிஸ் தட்டு எல்லாத்தையும் நீங்களே அடுப்புக்குள்ள தள்ளினீங்க."

"அது அவ களைச்சுப் போனா எண்டு..."

"அவ களைக்கல்ல. உங்களுக்குச் சும்மா இருக்க ஏலாம இருந்திச்சு. நாளைக்கு மூலையில இருங்க. பாருங்க. போமை நிரப்புங்க. வேற ஒண்டும் வேணாம்."

போம், அதாவது மதிப்பீட்டுப் படிவத்தில், மூன்று கேள்விகள். துணையாளின் உதவி எத்தனை முறை தேவைப்பட்டது? துணையாள் இல்லாமல் தொடர முடியுமா? பணியிடத்தில் செய்யப்பட்ட மாற்றங்கள் என்னென்ன?

ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் முன்பே கடையில் இருந்தேன். நிஸ்தார் அன்றைக்கென்று வெள்ளைச் சட்டை ஒன்றை அயர்ன் பண்ணிப் போட்டிருந்தார். தேத்தண்ணி ஊற்றுகிறவர் வெள்ளைச் சட்டை போடுவது துணிச்சலான காரியம். என்னைக் கண்டதும் சிரித்தார். உள்ளே திரும்பி றமீஸைப் பார்த்து வலக் கையை இலேசாக ஆட்டினார். றமீஸும் என்னைப் பார்த்துவிட்டு வலக் கையை ஆட்டினார்.

இது அந்தக் கடையின் வணக்கம். முதல் மாதத்திலிருந்தே என்னைக் கண்டால் இப்படித்தான் கை ஆட்டுவார்கள். நானும் பதிலுக்குக் கை ஆட்டுவேன். 'ஊழியர்களிடையே நல்லுறவு வளர்ந்து வருகிறது' என்று அறிக்கையில் குறிப்பிட்டும் இருக்கிறேன்.

மூலையில் உட்கார்ந்தேன். ஒன்றும் செய்யாமல் இருக்கத் தொடங்கினேன்.

முதல் ஐந்து நிமிடம் நன்றாகப் போனது. ஆறாவது நிமிடத்தில் கை தொடங்கியது.

பைக்குள் விட்டேன். பைக்குள் வீட்டுக் கதவின் திறப்புக் கோர்வை இருந்ததை மறந்துவிட்டேன். ஐஸ்கிறீம் வண்டி போவது மாதிரிச் சத்தம் வந்தது. பக்கத்து மேசையில் இருந்த ஓய்வுபெற்ற கணக்கு மாஸ்டர் திரும்பிப் பார்த்தார்.

கையை எடுத்துத் தொடைக்குக் கீழே வைத்து அமர்ந்தேன். இப்போது நான் இருந்த மரவாங்கு ஆடியது. அதே வாங்கின் மறுமுனையில் இருந்தவர் தன் கிளாஸைக் கையில் தூக்கிக்கொண்டார்.

பத்திரிகை ஒன்றை எடுத்து விரித்தேன். இந்த வருத்தக்காரர் ஒருவர் செய்யக்கூடிய ஆக முட்டாள்தனமான காரியம் அதுதான். ஆனால் பழக்கம் விடவில்லை. தாள் படபடவென்று அடித்தது.

"றமீஸ்" என்றார் மாஸ்டர், "ஃபேன கொஞ்சம் கொறயன். ஐயாக்கு பேப்பர் வாசிக்க ஏலாமக் கிடக்கு."

றமீஸ் ஃபேனை நிறுத்தினார்.

தாள் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது.

மாஸ்டர் ஃபேனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கணக்குப் படிப்பித்தவர், விடை அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும். தன் பணிஸைத் தின்னத் தொடங்கினார். கடை முழுக்க வியர்த்தது. "ஃபேனுக்கு என்னடா நடந்த?" என்று இரண்டு பேர் கேட்டார்கள். றமீஸ் மறுபடியும் போட்டுவிட்டார்.

நான் பத்திரிகையை மடித்து அதன் மேல் உட்கார்ந்தேன்.

இந்த நேரமெல்லாம் நிஸ்தார் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்பீர்கள். வேலை செய்துகொண்டிருந்தார். தேயிலைச் சாயத்தை எடுத்து, உயரத் தூக்கி ஆற்றி, கிளாஸில் ஒரு துளி சிந்தாமல் ஊற்றிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டுக்கூட இல்லை. றமீஸ் கத்தவே இல்லை. கடை அமைதியாக ஓடியது. மாஸ்டருக்குச் சீனி வருத்தம். சீனியில்லாத பிளேன்டி சரியாக அவர் மேசைக்குப் போனது. எனக்குப் பெருமையாக இருந்தது. நான் ஒன்றும் செய்யாமல் இருப்பது எவ்வளவு நன்றாகப் பலன் தருகிறது என்று நினைத்தேன்.

ஆறே முக்காலுக்கு வாசலில் உழவு இயந்திரம் ஒன்று வந்து நின்றது. வெள்ளாமை வெட்டுக் காலம். வயல்வட்டைக்குப் போகிற பதினாலு பேர் இழுவைப் பெட்டியிலிருந்து குதித்து இறங்கினார்கள். சிலர் உள்ளே வந்தார்கள். சிலர் வெளியே நின்றார்கள். எல்லோருக்கும் அவசரம்.

"ஐயா, கொஞ்சம் அங்கால இருங்களன்" என்று ஒருவர் என் மூலையைக் கேட்டார். எழுந்து கொடுத்தேன். இருக்க வேறு இடமில்லை. தேத்தண்ணி ஊற்றும் இடத்துக்கு முன்னால் நீளமாக ஒரு பலகைத் தட்டு உண்டு. அதன் ஓரத்தில் ஒரு ஸ்டூல் இருந்தது. அதில் உட்கார்ந்தேன்.

அந்தத் தட்டில் வெற்றுக் கிளாஸ்கள் இருந்தன. இருபதுக்கு மேல். றமீஸ் ஓடி ஓடிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். எப்படி வைத்திருந்தார் தெரியுமா? சில நிமிர்ந்து, சில கவிழ்ந்து, ஒன்றிரண்டு படுத்து. சிலவற்றுக்குக் கீழே பீரிசுத் தட்டு, சிலவற்றுக்கு இல்லை. இங்கே மூன்று, அங்கே ஐந்து, நடுவில் இடைவெளி. ஒரு கிளாஸ் தன்னந்தனியாக ஓரத்தில் ஒரு பீரிசின் மேல் கவிழ்ந்து கிடந்தது.

ஒழுங்கில்லாத பக்கம் ஒன்றை அச்சுக்கு அனுப்பப்போகிறார்கள் என்று தோன்றியது எனக்கு.

றமீஸ் மீன் வைத்த மாலுபணிஸ் தட்டோடு வெளியே உழவு இயந்திரத்துக்குப் போயிருந்தார். நிஸ்தார் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, புதுத் தேயிலை போட்டுக் கொதிதண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். அதற்கு இரண்டு நிமிடமாகும். கொதிதண்ணியில் கண்ணை எடுக்கக் கூடாது. அவர் எடுக்கவில்லை.

என் கை மடியில் துள்ளிக்கொண்டிருந்தது. எதிரே பதினாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு கிளாஸை நிமிர்த்தி வைத்தேன்.

கை நின்றது.

அந்தச் சுகத்தை உங்களுக்குச் சொல்லி விளங்கவைக்க முடியாது. இன்னொரு கிளாஸை நிமிர்த்தினேன். பிறகு இன்னொன்று. பீரிசுகளை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். இடைவெளிகளை மூடினேன். இருபத்திரண்டு கிளாஸ்களும் இராணுவ அணிவகுப்பு மாதிரி நேரே நின்றன. ஓரத்தில் தனியாகக் கிடந்ததையும் சேர்த்துக்கொண்டேன், அதுவும் பாவம். கடைசியில் கண்ணை ஒரு பக்கம் மூடி வரிசை நேரா என்று பார்த்தேன். நேர்.

இது உதவியில் சேராது என்றும் எனக்குள் சொல்லிக்கொண்டேன். துப்புரவு.

நிஸ்தார் திரும்பினார். தட்டைப் பார்த்தார். ஒரு கணம் புருவம் உயர்ந்தது. பிறகு பால்மா கரைத்த பெரிய கேத்தலைத் தூக்கினார். இருபத்திரண்டு கிளாஸ்களையும் சாயமும் பாலுமாக மளமளவென்று நிரப்பினார். என்ன வேகம், என்ன அளவு. கேத்தல் காலியானது. நான் மனதுக்குள் கைதட்டினேன்.

றமீஸ் வந்தார். ஏந்தக்கூடிய அளவு கிளாஸ்களைக் கைத்தட்டில் எடுத்தார். நிறத்தைப் பார்த்தார். நின்றார்.

"இதென்ன?"

வெளியே இருந்து ஒருவர் குரல் கொடுத்தார். "றமீஸ், கெதியா கொண்டா, வெயில் ஏறுது." றமீஸ் யோசித்துக்கொண்டே கொண்டுபோனார்.

முதல் குரல் உழவு இயந்திரச் சாரதியுடையது. "மச்சான், நான் பிளேன்டி கேட்டன். பால் குடிச்சா எனக்கு வயித்தால போகும். வட்டைக்க நான் எங்க போய் ஒதுங்குற?"

இரண்டாவது குரல். "எனக்கு இஞ்சி போட்டது சொன்ன."

மூன்றாவது, நான்காவது குரல்களை இங்கே எழுத முடியாது.

மாஸ்டர் மேசையிலிருந்து சத்தமே வரவில்லை. அவர் இரண்டாவது பிளேன்டி கேட்டிருந்தார். அதுதான் ஓரத்தில் தனியாகக் கவிழ்ந்து கிடந்த கிளாஸ். அவருக்கும் சீனி போட்ட பால் தேத்தண்ணி போயிருந்தது. றமீஸ் ஓடிப்போனார். கிளாஸ் காலி.

"மாஸ்டர், அது சீனி போட்டது."

"நான் ஒண்டும் கேக்கல்ல. வந்தத குடிச்சன்" என்றார் மாஸ்டர். நாலு வருடத்துக்குப் பிறகு குடித்தாராம். "வீட்ட சொல்லிராத."

றமீஸ் நிஸ்தாரிடம் வந்து இரு கைகளையும் விரித்தார். நிஸ்தார் பலகைத் தட்டில் மீந்திருந்தவற்றைக் காட்டினார். நிமிர்ந்த கிளாஸ், நிமிர்ந்த கிளாஸ், நிமிர்ந்த கிளாஸ் என்று விரலால் ஒவ்வொன்றாகச் சுட்டினார். றமீஸ் தலையை ஆட்டி, இல்லை, நான் இப்படி வைக்கவில்லை என்று வெற்றுக் கிளாஸ் ஒன்றை எடுத்துக் கவிழ்த்துக் காட்டினார்.

அந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது. நிமிர்ந்தால் பால். கவிழ்ந்தால் பிளேன்டி. படுத்தால் இஞ்சி. பீரிசு இருந்தால் சீனி இல்லை. ஒவ்வொரு கூட்டமும் ஒவ்வொரு மேசை. என் இருபத்துநாலு அட்டையும் செய்ய முடியாததை, கையிலிருந்த கிளாஸை வைத்தே இரண்டு பேரும் செய்திருந்தார்கள். நான் அடுக்கியது கிளாஸ்களை அல்ல. ஒரு காலையின் ஓடர் முழுவதையும் அழித்துவிட்டு, இருபத்திரண்டு பால் தேத்தண்ணி என்று திருத்தி எழுதியிருக்கிறேன்.

பாருங்கள், சரியாக அந்த நேரம் ஹாஜியார் உள்ளே வந்தார்.

கடையைப் பார்த்தார். காலிக் கேத்தலைப் பார்த்தார். சாரதி அவரிடம் வயிற்றின் கதையை மறுபடியும் முழுமையாகச் சொன்னார். ஹாஜியார் பொறுமையாகக் கேட்டார்.

"றமீஸ், நீ எப்பிடி வெச்ச?"

"நான் சரியாத்தான் வெச்ச ஹாஜியார். அல்லா அறிய."

ஹாஜியார் நிஸ்தாரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் நல்லது.

"இதுக்குத்தான் தம்பி நான் மொதலே யோசிச்ச. நல்ல மனுசன். நல்ல கை. ஆனா அவசரம் வந்தா ஏலாமப் போகுது. நான் என்ன செய்ய?"

நிஸ்தாருக்கு அது கேட்கவில்லை. கேட்கத் தேவையுமில்லை. முகங்களைப் பார்த்தாலே அவருக்குப் போதும். அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்து பார்த்தார். கண்ணைப் புறங்கையால் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். வாழ்நாள் முழுக்க கண்ணை மட்டுமே நம்பி வாழ்ந்த மனிதர், தன் கண்ணையே சந்தேகிக்கத் தொடங்கியிருந்தார்.

நான் வாயைத் திறந்தேன்.

"கிளாஸ்கள் இடம் மாற்றி வைக்கப்பட்டிருக்கலாம் எண்டு தெரியுது" என்றேன்.

பத்திரிகையில் இது ஒரு வசதி. யார் செய்தார் என்று சொல்லாமல் ஒரு செய்தியை முழுதாக எழுதிவிடலாம். முப்பத்தைந்து வருடம் எத்தனையோ பேரை அப்படிக் காப்பாற்றியிருக்கிறேன்.

ஹாஜியார் பத்திரிகை வாசிக்கிறவர்தான். "ஆர் மாத்தின?" என்றார்.

"விசாரிச்சாத் தெரிய வரும்."

"தம்பி, ஆர் மாத்தின?"

நிஸ்தார் இன்னும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோளில் கிடந்த துவாயை எடுத்து மடித்தார். ஒழுங்காக, நாலாக மடித்துப் பக்கத்தில் வைத்தார். வேலையை முடித்துக்கொண்டு போகிறவர் மடிப்பது மாதிரி.

"நான் மாத்தினன்" என்றேன். "நிஸ்தாரும் இல்ல, றமீஸும் இல்ல. நான்தான். எல்லாத்தையும் நிமிர்த்தி அடுக்கினன்."

 பணிஸ் மென்றுகொண்டிருந்தவரும் நிறுத்தினார்.

"என்னத்துக்கு?" என்றார் ஹாஜியார்.

இதற்கு ஒரு நல்ல பொய் இருந்தால் அந்த நேரத்தில் சொல்லியிருப்பேன். வரவில்லை. வலக் கையை எடுத்து எல்லோருக்கும் முன்னால் தட்டின் மேல் வைத்தேன். அது தன் பாட்டுக்கு ஆடியது. கிளாஸ்கள் மெல்லக் கிணுகிணுத்தன.

"எனக்கு ஒரு வருத்தம் இருக்கு ஹாஜியார். சும்மா இருந்தா கை நடுங்கும். வேலை செஞ்சா நிக்கும். ரெண்டு வருசமா ஒருத்தருக்கும் தெரியாம வச்சிருக்கன். ஆக்கள் பாக்கிறாங்க எண்டு வெக்கத்தில கிளாஸ அடுக்கிட்டன்."

சொல்லி முடித்தேன்.  இந்த மாதிரி நேரத்தில் மனிதர்கள் உருகிப்போவார்கள் என்று எனக்கு ஓர் எண்ணம் இருந்தது.

ஹாஜியார் என்னைப் பார்த்தார்.

"நடுக்கம் தெரியும் தம்பி. மொத நாளே கண்ட. கிளாஸ என்னத்துக்குத் தொட்ட எண்டுதான் கேட்ட."

"தெரியுமா?"

"ஆருக்குத் தெரியா?" என்றார் மாஸ்டர். "ஃபேன நிப்பாட்டின பொறவும் பேப்பர் அடிச்சிச்சே."

றமீஸ் தலையைச் சொறிந்தார். "குற நெனக்காதீங்க சேர். இஞ்ச உங்களுக்குப் பேரே அதான். நிஸ்தார் வெச்ச." வலக் கையைத் தூக்கி இலேசாக ஆட்டிக் காட்டினார். "இப்பிடிச் செஞ்சா, சேர் வாறார் எண்டு அர்த்தம். ஹாஜியாருக்குத் தொப்பி, எனக்கு வாய், உங்களுக்குக் கை."

மூன்று மாதம். ஒவ்வொரு தடவையும் அவர்கள் என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் நானும் மலர்ந்த முகத்தோடு என் பெயரை நானே திருப்பிச் சொல்லியிருக்கிறேன்.

இதற்கிடையில் றமீஸ் நிஸ்தாருக்கு நடந்ததைச் சாடையில் சொன்னார். முதலில் என் பெயர். பிறகு கிளாஸ்களை நிமிர்த்தி நிமிர்த்தி அடுக்குவது. பிறகு கண்ணை ஒரு பக்கம் மூடி வரிசை பார்ப்பது. அதை எப்படி அறிந்தார் என்று தெரியவில்லை, ஊகித்திருப்பார். நிஸ்தார் பார்த்தார். என்னைப் பார்த்தார். தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரிக்கத் தொடங்கினார். சிரித்து முடித்து, மடித்து வைத்த துவாயை எடுத்து மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டார்.

உழவு இயந்திரக்காரர்களும் சிரித்தார்கள். சாரதி மட்டும் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தார்.

"பத்து மணி வர ஏன் பாக்க?" என்றார் ஹாஜியார். "அவன் இரிப்பான். அவன்ட கண்ணுல பிழ இல்ல. கிளாஸ் சொன்னத அப்பிடியே ஊத்திரிக்கான்." பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, உங்களிட்ட ஒண்டு கேக்கட்டா? இனி நீங்க வராம இருக்க ஏலுமா?"

"அதுதான் ஹாஜியார் எங்கட திட்டமும்" என்றேன்.

"நல்ல திட்டம்" என்றார் அவர்.

ஒரு வேலைத் துணையாளுக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் கிடைக்காது.

ஆனால் மணி ஏழு பத்துதான் ஆகியிருந்தது. பத்து மணி வரை நான் இருந்தாக வேண்டும். பால் ஒரு சொட்டும் இல்லை. பால்மா வாங்கி வரும் வரை எல்லோருக்கும் இஞ்சிப் பிளேன்டிதான் என்று ஹாஜியார் அறிவித்தார்.

நான் ஸ்டூலில் இருந்தேன். கை தட்டின் மேல் ஆடிக்கொண்டிருந்தது. இனி மறைக்க ஒன்றுமில்லை, ஆடட்டும் என்று விட்டேன். கிளாஸ்கள் கிணுகிணுத்தன.

நிஸ்தார் திரும்பிப் பார்த்தார். உள்ளே போனார். ஒரு தட்டு நிறைய இஞ்சியும் ஒரு தேக்கரண்டியும் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தார். கரண்டியின் ஓரத்தால் தோலைச் சுரண்டுவது எப்படி என்று ஒருமுறை செய்து காட்டினார். கரண்டியை என் கையில் கொடுத்தார். நான் முதல் இஞ்சியைச் சுரண்டும் வரை பக்கத்தில் நின்றார். இரண்டாவதுக்கு நாலடி தள்ளி நின்றார். மூன்றாவதுக்குத் தன் வேலைக்குப் போய்விட்டார்.

எங்கள் பயிற்சிப் புத்தகத்தில் உள்ளதும் இதே முறைதான். அவர் அதைப் படித்ததில்லை.

பத்து மணி வரை சுரண்டினேன். கை ஒருமுறைகூட ஆடவில்லை. இடையில் ஒரு முறை கிளாஸ்கள் கோணலாகக் கிடப்பது கண்ணில் பட்டது. நிஸ்தார் தூரத்திலிருந்தே விரலை நீட்டி எச்சரித்தார். நான் இஞ்சிக்குத் திரும்பினேன்.

அலுவலகத்துக்குப் போய்த் தர்ஷினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கையையும் சொன்னேன். இராஜினாமாக் கடிதமும் மனதில் தயாராக இருந்தது, மூன்று பந்தி.

"ஓம் சேர், தெரியும்" என்றார் அவர், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எப்பிடி?"

"ரெண்டு வருசமா உங்கட எழுத்து மாசத்துக்கு மாசம் சின்னனாகிக்கொண்டே வருது. மொதல்ல நான் என்ட கண்ணில பிழை எண்டு நெனச்சுக் கண்ணாடிய மாத்தினன். மறுகாத்தான் விளங்கிச்சு. நீங்களாச் சொல்லட்டும் எண்டு இருந்தம்." வாசல் பதாகையைத் தாடையால் காட்டினார். "அத எழுதினவர் ஒருநாள் வாசிப்பார் எண்டு நெனச்சம்."

"அப்ப நான் வேலையில இருக்கலாமா?"

"போமை நிரப்பித் தாங்க சேர். கொஞ்சம் பெரிய எழுத்தில."

உட்கார்ந்து நிரப்பினேன்.

துணையாளின் உதவி எத்தனை முறை தேவைப்பட்டது? ஒரு முறையும் இல்லை.

துணையாள் இல்லாமல் தொடர முடியுமா? முடியும். துணையாள் இல்லாவிட்டால் இன்னும் நன்றாக.

பணியிடத்தில் செய்யப்பட்ட மாற்றங்கள்: ஒன்று. துணையாளுக்கு இஞ்சி வழங்கப்பட்டது.